அரிதான ஆபத்துக்கு நடுக்கம், அன்றாட ஆபத்துக்கு அலட்சியம்: ஏன் இப்படி?

கடலோடி

விவாதத்துக்காக ஒரு கேள்வி. சீண்டாமலேயே சுறா தாக்கி இறப்பவர்கள், உலகம் முழுக்கக் கூட்டினாலும், பெரும்பாலான ஆண்டுகளில் பத்துப் பேரைத் தாண்டுவதில்லை. நீரில் மூழ்கி இறந்தவர்கள் 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் கடலில் கால் வைக்கும் முன் "இங்கே சுறா உண்டா?" என்று கேட்பவர்களைத்தான் பார்க்கிறேன். "நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்?" என்று கேட்பவர் அபூர்வம்.

விமானம் விழுமோ, இடி தாக்குமோ, பாம்பு கடிக்குமோ, குண்டு வெடிக்குமோ என்று நடுங்குகிறோம். ரத்த அழுத்தம், சாலை, சிகரெட், ஈரத் தரை ஆகியவற்றோடு குடும்பமே நடத்துகிறோம். இதில் படித்தவர், படிக்காதவர் வித்தியாசமும் தெரியவில்லை.

"மனித மூளை முட்டாள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். அவ்வளவு முட்டாளாக இருந்திருந்தால் இந்த இனம் இத்தனை காலம் பிழைத்திருக்காது.

பூனைக்குட்டி

சுறாவுக்குப் பல் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு இல்லை. இழையை மூடிவிடலாமா?

எண்கணியன்

பூனைக்குட்டி விளையாட்டாகச் சொன்னதில் பாதி விடை இருக்கிறது. பல் என்றால் கண்ணுக்குத் தெரியும், கதையாகச் சொல்லலாம், ஒருமுறை கேட்டால் மறக்காது.

ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால் யாரும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. ஓர் உதாரணம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்று பார்க்கிறோம். சட்டென்று வந்தால் "அடிக்கடி நடக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் இதை எழுதினார்கள். பெரும்பாலான நேரம் இது நல்ல குறுக்குவழிதான், ஏனென்றால் அடிக்கடி நடப்பதுதான் நினைவிலும் அதிகம் இருக்கும். நினைவுக்குத் தீனி போடுவது நம் அனுபவமாக இல்லாமல் செய்தியாக மாறும்போதுதான் சிக்கல்.

1978இல் சாரா லிச்டென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் குழுவினர் 41 மரணக் காரணங்களைக் கொடுத்து, எது எவ்வளவு பேரைக் கொல்கிறது என்று அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். விபத்தும் நோயும் ஏறக்குறைய ஒரே அளவில் கொல்வதாக மக்கள் மதிப்பிட்டார்கள். நிஜத்தில் நோய் அதைவிடச் சுமார் 15 மடங்கு. சூறாவளியை மிகையாகச் சொன்னார்கள், நீரிழிவையும் ஆஸ்துமாவையும் பக்கவாதத்தையும் குறைத்துச் சொன்னார்கள்.

செய்தி பக்கத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1999 முதல் 2016 வரை இரண்டு பெரிய ஆங்கில நாளிதழ்கள் மரணக் காரணங்களைப் பற்றி எழுதியதை எடுத்து, அமெரிக்க இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். இறப்புகளில் ஏறக்குறைய 30 சதவீதம் இதய நோய். செய்தியில் அதற்குக் கிடைத்த இடம் 2, 3 சதவீதம். தீவிரவாதத்தால் இறப்பவர்கள் 0.01 சதவீதத்துக்கும் கீழே. செய்தியில் அதன் பங்கு மூன்றில் ஒன்று.

எதிர்வாதி

ஊடகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போவது சுலபம். செய்தித்தாளே இல்லாத காலத்திலும் மனிதன் சளிக்காய்ச்சலைவிடப் புலிக்குத்தான் அதிகம் பயந்திருப்பான்.

என் கேள்வி வேறு. எல்லா மரணத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? சான்சி ஸ்டார் என்ற பொறியாளர் 1969இலேயே சொன்னார்: தானாக விரும்பி ஏற்கும் ஆபத்து, பிறர் தன் மேல் திணிக்கும் ஆபத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பனிச்சறுக்குக்குக் காசு கொடுத்துப் போகிறவன், வீட்டுக்குப் பக்கத்தில் ரசாயன ஆலை வந்தால் கொடி பிடிப்பான். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? முதலாவது அவன் முடிவு, இரண்டாவது இன்னொருவன் முடிவு.

ஸ்லோவிக்கும் 1987இல் இதைத்தான் எழுதினார். மக்கள் பிணத்தை எண்ணுவதில்லை. என் கையில் கட்டுப்பாடு உண்டா, ஒரே நேரத்தில் பலரைக் கொல்லுமா, அடுத்த தலைமுறையையும் தொடுமா, இது என்னவென்று விஞ்ஞானிகளுக்காவது புரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நிபுணர் ஆண்டு இறப்பு எண்ணிக்கையைப் பார்த்து "பயம் தேவையில்லை" என்கிறார். அவர் வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நெடுஞ்சாலை

நான் லாரி ஓட்டுபவன். படிப்பு விஷயம் அதிகம் தெரியாது, ஆனால் இந்தக் "கட்டுப்பாடு" சமாச்சாரம் நூற்றுக்கு நூறு உண்மை.

ஸ்டியரிங் என் கையில் இருக்கும்போது பயம் வந்ததே இல்லை. மாற்று ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது என்று தெரியும், இருந்தாலும் அழுத்தும். அவன் ஓவர்டேக் எடுக்கும்போதெல்லாம் என் கை மேலே கம்பியைப் பிடிக்கும். இத்தனைக்கும் அவன் என்னைவிட நிதானமானவன். அதே வண்டி, அதே சாலை, அதே வேகம்.

அதே நான்தான் இரவில் ஓட்டும்போது போன் மின்னினால் எட்டிப் பார்ப்பேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் வண்டி முப்பத்துச் சொச்சம் மீட்டர் குருடாகப் போகிறது. ஒரு பயிற்சி வகுப்பில் தரையில் நாடா பிடித்து அளந்து காட்டினார்கள். வகுப்பில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. வெளியே வந்ததும் எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தோம்.

பூனைக்குட்டி

1981இல் ஸ்வென்சன் என்ற ஸ்வீடன்காரர் நடத்திய ஆய்வில், அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் வண்டி ஓட்டும் திறமையில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்களாம். மீதி 7 சதவீதத்தைக் கண்டுபிடித்து ஓட்டுநர் வேலைக்கு வைக்க வேண்டும்.

எண்கணியன்

நெடுஞ்சாலை அண்ணன் கடைசியாகச் சொன்ன வரியில்தான் எனக்கு முழு விஷயமும் இருப்பதாகப் படுகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோவிக், ஃபிஷ்காஃப், லிச்டென்ஸ்டைன் மூவரும் சீட் பெல்ட் பற்றி 1978இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய அமெரிக்காவில் ஒரு கார்ப் பயணத்தில் உயிர் போகும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. இதைக் கேட்டு யார் பெல்ட் மாட்டுவார்? ஆனால் ஒருவர் வாழ்நாளில் 40,000 தடவை காரில் ஏறுவதாக வைத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு வந்து நிற்கிறது. வேலைக்குப் போக முடியாத அளவு காயம்படும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மாணவர்களில் ஒரு பகுதிக்கு முதல் எண்ணையும் இன்னொரு பகுதிக்கு இரண்டாவது எண்ணையும் காட்டினார்கள். முதல் குழுவில் 10 சதவீதம் பேர் இனிப் பழக்கத்தை மாற்றிக்கொள்வோம் என்றார்கள். இரண்டாவது குழுவில் 39 சதவீதம்.

அதாவது சாலை விபத்தும், ஒரு பயணம் என்ற அளவில் பார்த்தால், மிக அரிதான சம்பவம்தான். ஆகவே கடலோடி கேட்ட கேள்வியையே கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும். அரிதான எல்லாவற்றுக்கும் நாம் பயப்படுவதில்லை. காதால் கேட்ட அரிதான ஆபத்துக்குப் பயப்படுகிறோம், கையால் பழகிய அரிதான ஆபத்தை மறந்துவிடுகிறோம்.

இதற்குச் சோதனை ஆதாரமே உண்டு. ஹெர்ட்விக் என்ற உளவியலாளரும் இன்னும் மூன்று பேரும் 2004இல் செய்தது. "இத்தனை சதவீத வாய்ப்பு" என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் மக்கள் சிறிய வாய்ப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே வாய்ப்பை எழுதிக் கொடுக்காமல், பொத்தானை அழுத்தி அழுத்தி அவர்களே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டால், அதே சிறிய வாய்ப்பு இல்லவே இல்லாததுபோல் நடந்துகொள்கிறார்கள். காரணம் எளிது: பத்துப் பதினைந்து தடவை அழுத்தியதில் அந்த அரிய விளைவு பலர் கண்ணிலேயே படவில்லை.

பெல்ட் மாட்டாமல் போனேன், ஒன்றும் ஆகவில்லை. போனைப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு நல்ல பயணமும் நமக்குத் தப்பான பாடத்தை நடத்திவிட்டுப் போகிறது. பயம் முதலில் இருக்கத்தான் செய்கிறது. வண்டி பழகிய முதல் வாரம் எப்படி இருந்தது என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. சுறாவுக்கும் குண்டுவெடிப்புக்கும் இப்படிக் கரைவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் நாம் அவற்றோடு பழகுவதே இல்லை.

இரவுப்பணி

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மேலே எண்கணியன் சார் சொன்னது மாத்திரை விஷயத்தில் தினமும் நடக்கிறது.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். ஒரு மாதம் சாப்பிடுகிறார்கள். ஒருநாள் தீர்ந்துபோகிறது, வாங்க மறக்கிறார்கள், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒரு விடியற்காலை வாய் கோணி, ஒரு கை தொங்கி, ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள். "மாத்திரை எப்போது நிறுத்தினார்?" என்று கேட்டால் உடன் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாருக்கும் தேதி தெரியாது. நிறுத்தியது ஒரு சம்பவமாக யார் மனதிலும் பதிந்திருக்காது.

உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 2019 கணக்குப்படி 128 கோடி. அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

இதே ஆட்கள் சின்ன அறுவை சிகிச்சைக்கு முன்னால் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி: "மயக்க மருந்து கொடுத்து எழுந்திருக்காமல் போய்விட்டால்?" கேட்பவர் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருக்கும். நான் சிரிப்பதில்லை. மயக்க மருந்து என்றால் அடுத்தவர் கையில் தன்னை முழுசாக ஒப்படைப்பது. எதிர்வாதி சொன்ன அதே விஷயம்.

அப்புறம், வழுக்கி விழுவதை யாரும் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. கீழே விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு 6.84 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் பெரும்பங்கு அறுபது தாண்டியவர்கள். குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள் என்று வீட்டுக்குப் போகும்போது சொல்லி அனுப்புவோம். பொருத்தினவர்களை எண்ண ஒரு கை போதும்.

இருபிள்ளை_அம்மா

எல்லோரும் எண்ணாகவே பேசுகிறீர்கள். என் பக்கம் கொஞ்சம் கேளுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவன் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று எனக்கும் தெரியும். என் பிள்ளைக்கு உண்மையான ஆபத்து சாலைதான் என்றும் தெரியும். ஆனால் "லட்சத்தில் ஒன்று" என்று சொன்னால் என் மனது அந்தத் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சத்தில் போய் நிற்பதில்லை. நேராக அந்த ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் முகம்கூடத் தெரிகிறது. அதை பத்து லட்சத்தில் ஒன்று என்று குறைத்துச் சொன்னால் எனக்குப் பத்தில் ஒரு பங்கு பயம் குறையுமா? துளியும் குறையாது.

எண்கணியன்

அம்மா, நீங்கள் சொன்னதை ராட்டன்ஸ்ட்ரைக், ஷீ என்ற இருவர் 2001இல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 20 டாலர் இழக்கும் வாய்ப்பு ஒரு சதவீதம் என்றால் அதைத் தவிர்க்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு டாலர் என்றார்கள். 99 சதவீதம் என்றால்? 18 டாலர். ஒழுங்கான கணக்கு. அடுத்து, பணத்துக்குப் பதிலாக வலிக்கும் மின் அதிர்ச்சி. ஒரு சதவீத வாய்ப்பைத் தவிர்க்க 7 டாலர். 99 சதவீதத்தைத் தவிர்க்க 10 டாலர்.

உடல் நடுங்கும் விஷயம் என்று வந்துவிட்டால் வாய்ப்பு எவ்வளவு என்பது கணக்கிலேயே சேர்வதில்லை. "நடக்கலாம்" என்பது ஒன்றுதான் மனதுக்குக் கேட்கிறது.

கடலோடி

சரி, அப்படியானால் இந்தப் பயத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் பார்க்கலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் பலர் விமானத்தை விட்டுக் காரில் போனார்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சாலையில் கூடுதலாக ஏறக்குறைய 1,500 பேர் இறந்ததாக கெர்ட் கிகெரென்சர் என்ற உளவியலாளர் கணக்கிட்டார். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் இருந்த பயணிகளைக் கூட்டினால்கூட அதில் ஆறில் ஒரு பங்கு வராது. அந்த 1,500 பேரில் ஒருவர் பெயரும் எந்த நினைவுச் சின்னத்திலும் இருக்காது. யாருக்கும் தன் உறவினர் எதனால் இறந்தார் என்றே தெரியாது.

நெடுஞ்சாலை

இது எனக்குப் புதிய செய்தி. பயந்தவன் வீட்டிலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பான். பயந்துகொண்டு சாலைக்கு வந்ததுதான் வினை.

எதிர்வாதி

கடலோடி, அந்தக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, அரிதானது எல்லாம் ஒரே ரகம் இல்லை. குளியலறையில் வழுக்குவது ஒவ்வொருவராகக் கொல்லும். இந்த ஆண்டு 6.84 லட்சம் என்றால் அடுத்த ஆண்டு 6 கோடி ஆகவே ஆகாது. தொற்றுநோய் அப்படியில்லை. 1917இல் உட்கார்ந்து கடந்த பத்து ஆண்டு சராசரியைப் பார்த்து "காய்ச்சலுக்குப் பயப்படாதே" என்று சொல்லியிருந்தால், 1918இன் ஃப்ளூ கொள்ளைநோய் அந்த ஆளை என்ன செய்திருக்கும்? தானே பெருகக்கூடிய ஆபத்துக்கு, அது இன்னும் அரிதாக இருக்கும்போதே பயப்பட வேண்டும். அங்கே சராசரி எதையும் சொல்லாது.

இரண்டு, சில ஆபத்து அரிதாக இருப்பதே நாம் பயந்ததால்தான். 2023இல் பயணிகள் ஜெட் விமானம் விழுந்து உலகில் ஒருவர்கூட இறக்கவில்லை. டர்போப்ராப் எனப்படும் விசிறி விமானம் ஒன்று விழுந்து 72 பேர் இறந்தார்கள். சாலையில் ஆண்டுக்கு 11.9 லட்சம். விமானம் இவ்வளவு பாதுகாப்பானது வானத்திலிருந்து வந்த வரம் இல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் உலகமே அலறியது, ஒவ்வொன்றையும் நட்டு போல்ட் வரை கழற்றி ஆராய்ந்தார்கள். சாலை மரணத்துக்கு அலற ஆள் இல்லை, அதனால்தான் அது அப்படியே இருக்கிறது.

1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஸ்வீடன் முழுக்க இடப்பக்கம் ஓட்டியவர்கள் ஒரே நாளில் வலப்பக்கம் மாறினார்கள். பெரிய ரகளை நடக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். விபத்து குறைந்தது. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டினார்கள். பழகப் பழகப் பழைய நிலைக்கே திரும்பியது. பயத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், இருக்கிற பயத்தைச் சாலைப் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

இரவுப்பணி

முதல் பதிவில் ஒரு திருத்தம். பாம்பை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். பாம்புக்கடியால் உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். அது அரிதான ஆபத்து இல்லை, வெறுங்காலோடு வயலில் நிற்பவருக்கு அன்றாட ஆபத்து. மாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு பாம்புக்குப் பயப்படுவதைத்தான் கேலி செய்யலாம்.

எண்கணியன்

அந்தக் கேலிக்கும் ஒரு பதில் உண்டு. சூசன் மினேகா, மைக்கேல் குக் ஆகியோர் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளை வைத்துச் சோதித்தார்கள். பாம்பையே பார்த்திராத குரங்குகள், அவற்றுக்குப் பயமும் இல்லை. இன்னொரு குரங்கு பாம்பைக் கண்டு அலறும் வீடியோவைக் காட்டியதும் பயத்தைக் கற்றுக்கொண்டன. அதே வீடியோவில் பாம்பை எடுத்துவிட்டுப் பூவை ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு அலறுவதுபோல் காட்டினார்கள். பூவுக்கு எதுவும் பயப்படவில்லை. சில பயங்களுக்கு மண் ஏற்கெனவே உழுது வைக்கப்பட்டிருக்கிறது. காரும் சிகரெட்டும் வந்து நூறு ஆண்டு சொச்சம், அந்த உழவுக்கு நேரம் போதவில்லை.

பூனைக்குட்டி

சிகரெட் பெட்டியில் பாம்புப் படம் போடலாம் என்கிறீர்கள்.

கடலோடி

எதிர்வாதி சொன்ன "பயத்தைக் குறைக்காதே" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜப்பானில் 2011இல் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்து ஞாபகம் இருக்கட்டும். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். கதிர்வீச்சால் ஏற்பட்ட இறப்பு என்று ஜப்பான் அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. வெளியேற்றத்தாலும் அதற்குப் பிந்திய அலைச்சலாலும் அந்த மாகாணத்தில் இறந்ததாக அதிகாரபூர்வமாகப் பதிவானவர்கள் 2,000க்கும் மேல்.

எதிர்வாதி

அந்த மார்ச் மாத இரவில் முடிவெடுத்தவர் கையில் இந்தக் கணக்கு இல்லையே. உலை அடுத்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. காற்று வேறு பக்கம் அடித்திருந்தால் நாம் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

இரவுப்பணி

உங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்று விட்டுப்போகிறது. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லத்திலும் படுத்த படுக்கையாக இருந்தவர்களும் அதில் உண்டு. படுக்கையில் இருக்கும் நோயாளியை ஒரு வார்டில் இருந்து அடுத்த வார்டுக்கு மாற்றுவதற்கே நாங்கள் சொட்டு மருந்து, ஆக்சிஜன், உடன் போகும் ஆள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம். போக்குவரத்தும் ஓர் ஆபத்து என்று எங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். வெளியேற்றியது சரியா தப்பா என்பது பெரிய விவாதம். யாரை முதலில், எந்த வண்டியில், எந்த ஊழியரோடு என்று முன்பே யோசித்து வைத்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். உலைக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள், பேருந்துப் பயணத்துக்கு யாரும் பயப்படவில்லை.

நெடுஞ்சாலை

எண்கணியன் சார், ஒரு உதவி. அந்த சீட் பெல்ட் கணக்கை, 35 லட்சத்தில் ஒன்று நூற்றில் ஒன்றாக மாறுவதை, ஒரே பக்கத்தில் படமாகப் போட்டுத் தர முடியுமா? எங்கள் ஓட்டுநர் குழுவில் போட வேண்டும். பேச்சாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள், படமாக இருந்தால் பார்ப்பார்கள்.

எண்கணியன்

கண்டிப்பாகத் தருகிறேன். ஆனால் அது அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களின் எண், அதை அப்படியே போட்டால் "நம் லாரிக்கு இது பொருந்தாது" என்று முதல் ஆளே சொல்லிவிடுவார். உங்கள் ஆட்கள் மாதத்துக்கு எத்தனை நடை போகிறார்கள், ஒரு நடைக்கு எத்தனை மணி நேரம், அதில் எவ்வளவு இரவு ஓட்டம் என்று சொல்லுங்கள். போனை எட்டிப் பார்க்கும் முப்பத்து மூன்று மீட்டரையும் சேர்த்துக்கொள்ளலாமா?

நெடுஞ்சாலை

அதைத்தான் முதலில் போட வேண்டும். நடைக் கணக்கு நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.